மனைவி படுகாயம்

1943 அக்டோபர் இருபத்தொன்பதாம் தேதி மதியச் சூப்புக்குச் சற்று முன்னால் தபால் மூட்டை வந்தது. அதில் ஆர்னோவுக்கு ஒரு அஞ்சலட்டையும் எகோனுக்கு ஒரு தந்தியும் இருந்தன. மூட்டையைப் பிரித்தவன் ஆர்னோ. அந்த ஜெர்மன் ராணுவக் கம்பெனியின் குமாஸ்தா அவன்தான். அறையில் வேறு யாரும் இல்லை.

கம்பெனி ஆபீஸ் என்று பெயர்தானே தவிர, அது ஒரு ருஷ்ய விவசாயி வீட்டின் முன்னறை. வீட்டுக்காரர்களை எப்போதோ துரத்தியாகிவிட்டது.

ஒரு வாரமாக ஆர்னோவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இருபத்திரண்டாம் தேதி விமானங்கள் வந்து காஸல் நகரத்தை எரித்துவிட்டுப் போயிருந்தன. ரேடியோ பூசி மெழுகித்தான் சொன்னது. ஆனால் அது பூசி மெழுகுகிற விதத்திலிருந்தே எவ்வளவு மோசம் என்று கணக்குப் போடச் சிப்பாய்கள் பழகியிருந்தார்கள். கம்பெனியில் அந்த ஊர்ப் பக்கத்துக்காரர்கள் இரண்டே பேர். ஒருவன் ஆர்னோ. இன்னொருவன் எகோன், தச்சன், இயந்திரத் துப்பாக்கிக்காரன். ஒரு வாரமாக இருவரும் தினமும் ஒருவரை ஒருவர் தேடிப்போய், "உனக்கு ஏதாவது வந்துச்சா?" "இல்லடா, உனக்கு?" என்று கேட்டுக்கொண்டு திரும்பினார்கள்.

அட்டை ஆர்னோவின் மனைவி எல்ஸ்பெத் எழுதியது. பத்து வார்த்தைக்கு மேல் எழுதக் கூடாத அவசர அட்டை. "உயிரோடு இருக்கிறேன். வீடு நிற்கிறது. ஜன்னல்கூட உடையவில்லை. எல்ஸ்பெத்." ஆர்னோ அதை முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதான். அது நல்ல அழுகை.

பிறகு தந்தியைப் படித்தான். "வீடு முழுவதும் அழிவு. மனைவி மின்னா படுகாயம். கணவர் உடனே வரவும்." எந்தப் பள்ளிக்கூடத்தை மருத்துவமனையாக்கி அவளைப் படுக்க வைத்திருக்கிறார்கள் என்பதும், நகர அதிகாரியின் சான்றும் கீழே இருந்தன.

இந்த மாதிரித் தந்தி வந்தால் சிறப்பு விடுப்பு உண்டு. பதினாலு நாள், பயண நாட்கள் தனி. ஆனால் விடுப்பு ரயிலில் கம்பெனிக்கு வாரம் ஒரு இடம்தான். இந்த வாரத்து ரயில் மறுநாள் காலை. அடுத்தது நவம்பர் ஆறாம் தேதி.

ஆர்னோ ஊருக்குப் போய் இரண்டு வருஷமாகிவிட்டது. எகோன் இந்த ஏப்ரலில்தான் போய்வந்தான். அவனுடைய சம்பளப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், "சிறப்பு விடுப்பு, காரணம்: திருமணம்" என்று எழுதிக் கொடுத்தவனே ஆர்னோதான். ஒவ்வொரு சிப்பாயும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரியும் அந்தச் சின்னப் புத்தகத்தில் அவனுடைய ரத்த வகை, பூட்ஸ் அளவு, போட்ட ஊசி, பட்ட காயம் எல்லாம் இருக்கும். கடைசியில் விடுப்புகள். எல்லோருக்கும் அந்தப் பக்கத்தை எழுதித் தருகிறவன், தன்னுடையதைத் திறந்து வெறும் கட்டங்களைப் பார்த்துப் பார்த்துப் புழுங்கியிருந்தான்.

படுகாயம் என்றால் சாவு இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஒரு வாரம்தானே, அடுத்த ரயிலில் எகோன் போவான் என்றும் சொல்லிக்கொண்டான். தந்தியை இழுப்பறையில், பழைய படிவங்களுக்கு அடியில் வைத்தான். எல்ஸ்பெத்தின் அட்டையை அடுப்பில் போட்டான். அது எரிந்து முடிகிறவரை அவன் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு தன்னுடைய புத்தகத்தைத் திறந்து, தன் அழகான கையெழுத்தில் எழுதினான்: "சிறப்பு விடுப்பு. காரணம்: குண்டுச் சேதம், மனைவி படுகாயம்."

மாலையில் கையெழுத்துக்காகக் காகிதக் கட்டை எடுத்துக்கொண்டு லெப்டினன்ட் வாஸ்மூத்திடம் போனான். அவர் இருபத்து நாலு வயதுக்காரர். காகிதம் என்றாலே அலுத்துக்கொள்வார்.

"இது என்ன?"

"எனக்குத்தான் சார். தந்தி வந்துச்சு. வீடு போயிடுச்சு. மனைவிக்கு..."

அவனால் முடிக்க முடியவில்லை. லெப்டினன்ட் தந்தியைக் காட்டு என்று கேட்கவில்லை. எழுந்து வந்து அவன் தோளில் கை வைத்தார்.

"கிளம்பு. நாளைக்கே கிளம்பு. ஏன்டா இதைக் கட்டுக்கு நடுவுல வச்சுக் கொண்டு வர்றே? வந்தவுடனே ஓடி வந்து சொல்ல வேண்டாமா?" என்றார். கையெழுத்துப் போட்டுவிட்டு, தன் பெட்டியிலிருந்து ஒரு சாக்லேட் கட்டியை எடுத்துக் கொடுத்தார். "அவங்களுக்குக் கொடு. சாப்பிடக் கூடிய நிலையில இருந்தா."

மறுநாள் காலை, கிளம்புவதற்கு முன், ஆர்னோ இழுப்பறையிலிருந்து தந்தியை எடுத்து அன்றைய தபால் தட்டில், இப்போதுதான் வந்த மாதிரி வைத்தான். அவன் திரும்பி வரும்வரை குமாஸ்தா வேலையைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர் சார்ஜென்ட் குங்கெல். மத்தியானம் தட்டைப் பார்ப்பார். அதற்குள் ரயில் போயிருக்கும்.

வண்டியில் ஏறும்போது எகோன் ஓடிவந்தான். செய்தி கம்பெனி முழுக்கப் பரவியிருந்தது.

"டேய் ஆர்னோ, உனக்குப் போய் இப்படி ஆயிடுச்சே" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. தன் புகையிலைப் பொட்டலத்தை ஆர்னோவின் பையில் திணித்தான். "வழியில வச்சுக்க. ஒண்ணு மட்டும் கேக்கறேன். நேரம் கிடைச்சா எங்க தெருப் பக்கம் போய் மின்னாவைப் பாரு. எனக்கு இன்னும் ஒண்ணும் வரலை. உன் கஷ்டத்துல இது வேற. முடிஞ்சா போதும்."

"பாக்கறேன்" என்றான் ஆர்னோ.

ஐந்து நாள் பயணம். நவம்பர் நாலாம் தேதி வந்து சேர்ந்தான். நகரத்துக்குள் ரயில் போகவில்லை. வெளியிலேயே இறக்கிவிட்டார்கள். கருகிய வாடை இரண்டு வாரம் கழித்தும் அடித்தது. அவன் நகரத்தைச் சுற்றிக்கொண்டு, மேற்கே மலைச் சரிவில் இருந்த தன் கிராமத்துக்கு நடந்தே போனான். வீடு நின்றது. ஜன்னல்கள் துடைத்துப் பளபளவென்று இருந்தன. எல்ஸ்பெத் உருளைக்கிழங்குக் கூடையைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

"லீவு எப்படிக் கிடைச்சுது? என் அட்டை வந்துச்சா?"

"அட்டை வரலை. நான் பயந்து போய்க் கேட்டேன். கொடுத்துட்டாங்க."

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. அவன் அவளுக்குச் சாக்லேட்டைக் கொடுத்தான். அவள் பாதியை அவனுக்கே ஊட்டினாள். மூன்று நாள் அவன் வாழ்ந்தது வாழ்க்கை. தூங்கினான், விறகு வெட்டினான், ஆப்பிள் அடை சாப்பிட்டான். எகோன் தெருப் பக்கம் போகவில்லை.

நான்காம் நாள் எல்ஸ்பெத் அவனுடைய சம்பளப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பஞ்சாயத்து ஆபீஸுக்குப் போனாள். விடுப்பில் வந்த சிப்பாய்க்கு ரேஷன் அட்டை வாங்கப் புத்தகத்தைக் காட்ட வேண்டும். அன்றைக்கு அங்கே கூட்டம். நகரத்திலிருந்து தப்பி வந்தவர்கள், தலைமுடி கருகியவர்கள், ஒற்றைச் செருப்புக்காரர்கள். மேசைக்குப் பின்னால் இருந்த அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசிப் பக்கத்தைச் சத்தமாகவே படித்தாள்.

"குண்டுச் சேதம். மனைவி படுகாயம்." கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். "மனைவி யாரு?"

"நான்தான்."

வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எல்ஸ்பெத் நல்ல சிவந்த கன்னங்களோடு, இஸ்திரி போட்ட ஏப்ரனோடு நின்றாள். ஒரு கணம் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு எல்லாமே புரிந்தது.

"கையில அடி. இப்ப சரியாயிடுச்சு" என்றாள்.

"படுகாயம்னு எழுதியிருக்கு."

"படுகாயம்தான். சரியாயிடுச்சு."

பின்னால் ஒரு கிழவர், "கொடுத்து வச்சவங்க" என்றார். யாரோ சிரித்தார்கள். சந்தேகப்பட்டால் புருஷனைச் சுட்டுவிடுவார்கள் என்று எல்ஸ்பெத்துக்குத் தெரியும். அதனால், சேதப்பட்ட குடும்பத்துக்கு என்று அந்த அம்மாள் எடுத்து வைத்த எல்லாவற்றையும் அவள் வாங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. காப்பிக்கொட்டை, சோப்பு, ஒரு கம்பளிக் கோட்டு. கோட்டின் உள்பக்கம் பெயர்த்துணியைப் பிய்த்தெடுத்த தையல் ஓட்டைகள் இருந்தன. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு டிசம்பர் காலையில் ரயில் நிலையத்துக்கு நடத்திக்கொண்டு போகப்பட்ட யூதர்களின் வீடுகளிலிருந்து வந்த கோட்டுகளில் ஒன்று அது. ஊரில் எல்லோருக்கும் அது தெரியும். யாரும் வாய் திறந்து சொன்னதில்லை, எல்ஸ்பெத் உட்பட.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் மேசையில் வைத்தாள். கோட்டை மட்டும் தரையில் போட்டாள். புத்தகத்தைக் கடைசிப் பக்கத்தில் திறந்து அவன் முன்னால் நீட்டினாள்.

"இது யாரு?"

"யாரு என்ன?"

"படுகாயம் பட்ட மனைவி. நான் இல்லை. உன் மூஞ்சியைப் பாத்தா இதை நீயா யோசிச்சு எழுதின மாதிரித் தெரியலை. எங்கேயோ பாத்து எழுதியிருக்கே. யாரோட மனைவி?"

இருபது வார்த்தையில் சொல்லிவிடக் கூடிய விஷயத்தை ஆர்னோ அரை மணி நேரம் சொன்னான். ரயில், வாரத்துக்கு ஒரு இடம், இரண்டு வருஷம், எகோன் ஏப்ரலில் போய்வந்தது. அட்டையை எரித்ததையும் சொன்னான்.

"உன்னைப் பாக்கணும்னுதான் எல்ஸ்பெத்."

"என் தலையில கட்டாதே" என்றாள் அவள். "அந்தப் பொண்ணு எந்த இடத்துல இருக்கா?"

ஆர்னோவுக்கு அந்தப் பள்ளிக்கூடத்தின் பெயர் மனப்பாடமாக இருந்தது.

மறுநாள் இருவரும் போனார்கள். ஒன்றரை மணி நேர நடை. பள்ளிக்கூடத்தின் உடற்பயிற்சிக் கூடத்தில் வரிசையாகக் கட்டில்கள். மின்னா மூன்றாவது வரிசையில், சுவரோரம் இருந்தாள். இருபத்திரண்டு வயது. இரண்டு கைகளிலும் தோள்வரை கட்டு. முகத்தில் காயம் இல்லை. எரியும் தெருவில் மூச்சு இழுத்ததில் நுரையீரல் வெந்திருந்தது. அவள் ஒவ்வொரு சொல்லையும் இரைத்து இரைத்துத்தான் பேசினாள்.

ராணுவ உடையைப் பார்த்ததும் அவள் தலையைத் தூக்க முயன்றாள். முகம் தெரிந்ததும் மறுபடி சாய்ந்துகொண்டாள்.

"நான் எகோனோட கம்பெனி" என்றான் ஆர்னோ.

"அவர் அனுப்பினாரா?"

ஆர்னோ எல்ஸ்பெத்தைப் பார்த்தான். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா. பாத்துட்டு வரச் சொன்னான்."

"அவர் எப்ப வருவார்?"

"அடுத்த ரயில்ல."

மின்னா கண்ணை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "உங்களுக்கும் வீடு போயிடுச்சா?" என்று கேட்டாள். "இல்லேன்னா லீவு கொடுக்க மாட்டாங்களே." அதற்கு ஆர்னோ என்ன சொன்னான் என்பது எல்ஸ்பெத்துக்குக் கேட்கவில்லை. அவள் தண்ணீர் எடுத்துவரப் போய்விட்டாள்.

அன்று மாலையே ஆர்னோ கம்பெனிக்குத் தந்தி அடித்தான். எகோனை உடனே அனுப்பும்படி. மூன்று நாள் கழித்துக் குங்கெலின் பதில் வந்தது. எகோனின் விடுப்பு மனு எழுதப்பட்டு, புத்தகத்தில் ஏற்றப்பட்டு, கையெழுத்தும் ஆகிவிட்டது. ஆனால் நவம்பர் ஐந்தாம் தேதி அந்தப் போர்முனை முழுவதற்கும் விடுப்புத் தடை வந்துவிட்டது. ஆறாம் தேதி ரயிலில் யாரும் ஏறவில்லை. அக்டோபர் முப்பதில் போனதுதான் கடைசி ரயில்.

எல்ஸ்பெத் தினமும் மின்னாவிடம் போனாள். தலை வாரினாள், சூப்பு ஊட்டினாள், சேதக் குடும்பத்துக்குக் கிடைத்த காப்பிக்கொட்டையை நர்ஸுகளுக்குக் கொடுத்து ஒரு நல்ல போர்வை வாங்கினாள். ஆர்னோவும் தினமும் போனான். போகாமல் இருக்க அவள் விடவில்லை. "நான் சூப்புக் கொடுக்கறேன். பதில் நீ சொல்லு" என்றாள். மின்னா தினமும் கேட்டாள். ஆர்னோ தினமும் ஒரு பதில் சொன்னான். ரயில் தாமதம். பாலம் உடைந்துவிட்டது, சுற்றிக்கொண்டு வருகிறது. போலந்து தாண்டிவிட்டது. ஊருக்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

பதினைந்தாம் தேதி மத்தியானம் மின்னா இறந்துபோனாள். அடக்கத்தன்று ராணுவ உடையில் இருந்தவன் ஆர்னோ ஒருவன்தான். பாதிரியார் நேராக அவனிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "ஏழு மாசக் குடித்தனம். கடவுள் உங்களுக்குத் தெம்பு கொடுக்கட்டும்" என்றார். ஆர்னோ கையை இழுத்துக்கொள்ளவில்லை. எல்ஸ்பெத்தான், "இவர் அவரில்லை" என்றாள்.

விடுப்பு முடிந்து அவன் கிளம்பும்போது அவள் வாசல்வரை வந்தாள். ரொட்டியும் பன்றிக்கொழுப்பும் கட்டிக் கொடுத்தாள். கட்டிக்கொள்ளவில்லை.

"அவன்கிட்ட நீயே சொல்லணும்" என்றாள்.

"சொல்றேன்."

சொல்லவில்லை. போய்ச் சேர்ந்ததும் எகோனிடம் மின்னாவைப் பார்த்ததைச் சொன்னான், அடக்கத்தைச் சொன்னான், தந்தியைச் சொல்லவில்லை. எகோன் பெரிதாக அழவில்லை. "நீயாவது இருந்தியே" என்றான்.

அதன்பின் எகோன் தினமும் மதியச் சூப்பு வாங்கிக்கொண்டு ஆபீஸுக்கு வர ஆரம்பித்தான். அடுப்பருகே உட்கார்ந்து ஒரே மாதிரிக் கேள்விகளைக் கேட்டான்.

"எந்தக் கட்டில்னு சொன்னே?"

"மூணாவது வரிசை. சுவரோரம்."

"வெளிச்சம் இருந்துச்சா அங்கே?"

"பெரிய ஜன்னல். மரம் தெரியும்."

"என்ன மரம்?"

"லிண்டன்னு நினைக்கறேன்."

"முடியை யாரு வாரிவிட்டா?"

"எல்ஸ்பெத்."

அடுத்த நாளும் வருவான். "அந்த மரத்துல இலை இருந்துச்சா?" ஆர்னோவின் கையெழுத்து கோணிப் போயிற்று. படிவங்களில் தப்பு வந்து குங்கெல் திட்டினார். கிட்டத்தட்ட ஒரு மாதம் இப்படிப் போனது. ஒரு நாள், எகோன் சூப்புக் கிண்ணத்தைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது, ஆர்னோ பேனாவைக் கீழே வைத்தான்.

"எகோன், அந்தத் தந்தி முந்தின நாளே வந்துடுச்சு. நான்தான் எடுத்து வச்சேன். உன் இடத்துல நான் போனேன். என் வீட்டுக்கு ஒண்ணும் ஆகலை."

எகோன் ரொட்டித் துண்டால் கிண்ணத்தை இன்னொரு சுற்றுத் துடைத்தான்.

"தெரியும்" என்றான்.

"என்ன?"

"உன் பொண்டாட்டி எழுதியிருந்தா. ஆஸ்பத்திரிக்கு முதல் தடவை போன அன்னிக்கே எழுதியிருக்கா. நீ வர்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடி கடுதாசி வந்துச்சு."

ஆர்னோ கதவைப் பார்த்தான். "குங்கெல்கிட்ட காட்டலையா?"

"காட்டணும்னுதான் போனேன். கதவு வரைக்கும் போனேன்." எகோன் கிண்ணத்தைக் கீழே வைத்தான். "காட்டினா உன்னைக் கொண்டுபோயிடுவாங்க. மின்னாவைக் கடைசியா பாத்தவன் நீ. நீ போயிட்டா நான் யார்கிட்டடா கேப்பேன்?"

ஆர்னோ மேசை மேல் கவிழ்ந்துகொண்டான். அவன் அழுவதை எகோன் பார்த்துக்கொண்டிருந்தான். அழுகை ஓய்கிறவரை காத்திருந்துவிட்டு அடுத்த கேள்வியைக் கேட்டான்.

"என்னைக் கேட்டாளா?"

இத்தனை நாளில் அவன் கேட்காத கேள்வி அது.

"தினமும் கேட்டா."

"நீ என்ன சொன்னே?"

"நீ ரயில்ல வந்துக்கிட்டிருக்கேன்னு சொன்னேன். நீ போலந்து தாண்டிட்டேன்னு சொன்னேன்." ஆர்னோ முகத்தைத் துடைத்துக்கொண்டான். இனி ஒளிக்க ஒன்றுமில்லை என்று இருந்தது. "கடைசி நாள் அவளுக்குக் கண்ணு சரியாத் தெரியலை. என் சட்டைக் கையில கன்னத்தை வச்சுக்கிட்டு உன் பேரைச் சொன்னா. வந்துட்டியான்னு கேட்டா."

"ம்."

"வந்துட்டேன்னு சொன்னேன்."

எகோன் எழுந்து, தொப்பியைப் போட்டுக்கொண்டு, வாசலில் பூட்ஸிலிருந்த சேற்றைத் தட்டிவிட்டு வெளியே போனான்.

மறுநாள் மதியம் ஆர்னோ அடுப்பருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு வைத்தான். எகோன் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. சமையல் வண்டிக்கு முன்னால் வரிசையில் நிற்கும்போது இருவரும் பார்த்துக்கொண்டார்கள். எகோன் தலையை ஆட்டினான், எல்லோருக்கும் ஆட்டுகிற மாதிரி. ஜனவரியில் அவனை வேறு கம்பெனிக்கு மாற்றினார்கள். எந்தக் கேள்வி வந்தாலும் பதில் சொல்லத் தயாராக ஆர்னோ தினமும் மதியம் அந்த அறையிலேயே உட்கார்ந்திருந்தான். எகோன் கடைசிவரை அந்தப் பக்கம் வரவே இல்லை.